வறண்ட ஊரில் டிஸ்க் கோல்ஃப் பட்டர் கையில் நிற்கமாட்டேன் என்கிறது, எந்த பிளாஸ்டிக் வாங்கலாம்?

சாண்ட்லர்க்காரன்

வணக்கம் மக்களே. சார்லட்டிலிருந்து வேலை மாறி அரிசோனாவுக்கு வந்து சாண்ட்லரில் குடியேறியிருக்கிறோம். சார்லட்டில் ஹார்னெட்ஸ் நெஸ்ட், ரெனசான்ஸ் மைதானங்கள் என்று வாரக்கடைசி தவறாமல் டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசிச் சங்கிலிக் கூடைக்குள் போடும் ஆட்டம்) ஆடிப் பழகிய கை இது. அங்கே எனக்கு ஒரே பட்டர்தான், அதாவது கூடைக்குக் கிட்டே நின்று போடுகிற டிஸ்க். கடினமான, பளபளவென்று மின்னும் பிரீமியம் பிளாஸ்டிக், மரத்தில் மோதினாலும் ஒன்றும் ஆகாது என்று வாங்கியது. அந்த ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை எப்போதும் லேசாக நசநசவென்று இருக்கும், டிஸ்க்கும் கையை விட்டு நகராது, பிடிப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதே மனதில் வந்ததில்லை.

இங்கே நிலைமையே வேறு. ஸ்காட்ஸ்டேலில் விஸ்டா டெல் கமினோ மைதானத்துக்குப் போனேன். ஐந்து மீட்டரில் நின்று கூடையை நோக்கி பட் போட்டால்கூட, டிஸ்க்கை விட நினைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னாலேயே ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து விளிம்பு நழுவிவிடுகிறது. டிஸ்க் மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஆடி ஆடிப் போய், சங்கிலிக்கு மேலே இருக்கும் பட்டையில் இடித்து விழுகிறது. சரி என்று இறுக்கிப் பிடித்தால் விடுவது தாமதமாகி வலது பக்கம் ஓடுகிறது. விரல் நுனியெல்லாம் வறவறவென்று காய்ந்து கிடக்கிறது.

கேள்வி இதுதான். காய்ந்த வானிலைக்குப் பிடிப்பு நன்றாக உள்ள பட்டர் எது? மென்மையான பிளாஸ்டிக்கா, கடினமானதா? கூட ஆடுகிற ஒருவர் சாக் பை வாங்கச் சொல்கிறார், அது உதவுமா? இருபது டாலருக்குள் முடிந்தால் நல்லது. என் கை சின்னது, அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

சங்கிலிச்சத்தம்

வாங்க வாங்க. நான் டெம்பியில்தான் இருக்கிறேன், நீங்கள் சொல்லும் விஸ்டா டெல் கமினோ எங்கள் வட்டாரம்.

முதலில் சாக் பையை மறந்துவிடுங்கள். அதற்குள் இருப்பது ஈரத்தை உறிஞ்சும் தூள். வியர்வை வழியும் ஊருக்கு அது வரம், சார்லட்டில் ஆகஸ்ட் மாதம் ஆடியபோது வாங்கியிருந்தால் அர்த்தம் உண்டு. இங்கே உங்கள் விரலில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் அது குடித்துவிடும். விரல் தோல் முழுக்கக் காய்ந்திருந்தால் பிடிப்பு குறையும், தண்ணீர் சொட்டினாலும் குறையும், நடுவில் லேசான ஈரப்பசை இருக்கும்போதுதான் தோல் இளகி, பிளாஸ்டிக்கோடு நன்றாகப் படிந்து உட்காரும். சார்லட்டில் அந்த நடு நிலையை வானிலையே உங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பீனிக்ஸ் பக்கம் ஜூன் மதியங்களில் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது சர்வ சாதாரணம். அப்போது வியர்வை வருகிறது என்பதே தெரியாது, வந்த வேகத்தில் ஆவியாகிவிடும்.

இரண்டாவது, நீங்கள் எந்த மாடல் என்று தேடுகிறீர்கள், தேடவேண்டியது எந்த பிளாஸ்டிக் என்று. ஒரே அச்சில் வார்த்த ஏவியார் என்ற பட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னோவா கம்பெனி அதை டிஎக்ஸ், ஆர்-ப்ரோ, ஸ்டார், சாம்பியன் என்று பல பிளாஸ்டிக்கில் போடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினால் ஒரே டிஸ்க் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். பிரீமியம் வகைகள் நீண்ட நாள் உழைக்கும், அடி தாங்கும், ஆனால் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும், காய்ந்த விரல் அதில் பற்ற வழியே இல்லை. தூரமாக வீசுகிற டிரைவர் டிஸ்க்குக்கு அது பரவாயில்லை, முழு வேகத்தில் வீசும்போது கையின் இறுக்கம் காப்பாற்றும். பட் அப்படி இல்லை. மெதுவாக, விரல் நுனியிலிருந்து போகிற சமாச்சாரம்.

அதனால் பட்டருக்கு மட்டும் அடிப்படை பிளாஸ்டிக் எடுங்கள். விலையும் குறைவு. டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ் கிளாசிக் பிளெண்ட், டிஸ்கிராஃப்டின் ஜாபிரேக்கர் வகை, கேட்வே விசார்டில் ஆர்கானிக், எம்விபி, ஆக்ஸியம் ஆட்களின் எலக்ட்ரான், லாட்டிட்யூட் 64-இன் ஸீரோ, இவை எல்லாமே அந்த ரகம். தொட்டால் மினுமினுப்பு இருக்காது, மங்கலாக, லேசாகச் சொரசொரவென்று, கொஞ்சம் மாவு தடவியது மாதிரி இருக்கும். அந்த மங்கல்தான் உங்களுக்கு வேண்டியது.

மென்மையா கடினமா என்று கேட்டீர்கள். இந்த ஊரில் நடுத்தரம். சூப்பர் சாஃப்ட் என்று கடையில் ஏசி குளிரில் அமுக்கிப் பார்க்கும்போது ஆசையாகத்தான் இருக்கும், ஜூலையில் 110 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் பையிலிருந்து எடுத்தால் துவண்டு தொங்கும். காரில் விட்டுவிட்டுப் போனால் வளைந்தே போகும். அப்புறம் தட்டையான தரையில் வைத்துச் சரிபண்ணலாம் என்பார்கள், எனக்கு அது எப்போதும் முழுசாகத் திரும்பியதாகத் தோன்றியதில்லை.

இன்னொன்று. விஸ்டா டெல் கமினோ புல்வெளி, காலையில் ஸ்பிரிங்க்ளர் ஓடியிருக்கும். இந்தப் பக்கத்துத் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பது உங்கள் வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். டிஸ்க் நனைந்து, வெயிலில் காய்ந்து, மேலே வெள்ளையாக ஒரு படலம் உட்கார்ந்துவிடும். அதன்மேல் தூசி. இரண்டும் சேர்ந்தால் பவுடர் போட்ட மாதிரி வழுக்கும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவுகிற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கியால் விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். இப்போது இருக்கிற பட்டரையே முதலில் அப்படிக் கழுவிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

கூடைக்கு வெளியே

நான் யூட்டா, ஆக்டன் பக்கம். இங்கேயும் காற்று காய்ந்ததுதான், மேலே சொன்னவரோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடறுகிறது.

பிடிப்பு அதிகமாக இருந்தால் நல்லது என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். அது நீங்கள் எப்படி பட் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மணிக்கட்டைச் சுண்டி, சுழற்சி கொடுத்துப் போடுகிற ஸ்பின் பட் ஆள் என்றால், விரல் கடைசிவரை விளிம்பைப் பற்றியிருக்க வேண்டும், அங்கே ஒட்டும் தன்மை உள்ள பிளாஸ்டிக் லாபம். காலிலிருந்து எழுந்து, கையை நீட்டி, டிஸ்க்கை மெதுவாகத் தள்ளிவிடுகிற புஷ் பட் ஆள் என்றால் கதை வேறு. அவருக்கு டிஸ்க் நான்கு விரல்களிலிருந்தும் ஒரே சமயத்தில் விடுபட வேண்டும். ஒட்டுகிற ரப்பர் தன்மை இருந்தால் ஒரு விரல் கடைசியில் இழுத்துக்கொள்ளும், டிஸ்க் ஆடும். அதனால்தான் புஷ் பட் போடுகிற நிறையப் பேர் கடினமான, மாவு போன்ற பரப்புள்ள அடிப்படை பிளாஸ்டிக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வழுக்காது, அதே சமயம் ஒட்டவும் செய்யாது.

சாண்ட்லர்க்காரன், நீங்கள் சொன்ன இரண்டு தவறும், முன்னாலேயே நழுவுவதும், இறுக்கினால் வலப்பக்கம் ஓடுவதும், ஸ்பின் பட் ஆளுக்கு வருவது மாதிரித் தெரிகிறது. எது என்று சொன்னால்தான் மேற்கொண்டு சொல்லமுடியும்.

இதையும் சொல்லிவிடுகிறேன், ஊர்ப் பெருமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். 2021 உலகச் சாம்பியன்ஷிப் எங்கள் ஆக்டனில்தான் நடந்தது. கடைசிக் கூடையில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடியிலிருந்து வீசி நேராகச் சங்கிலிக்குள் போட்டு, பால் மெக்பெத்தைச் சமன்செய்து, பிளேஆஃபில் ஜெயித்தார். கையில் இருந்தது ஆக்ஸியம் என்வி. டிரைவரோ, நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்சோ இல்லை, ஒரு பட்டர். பட்டர் என்றால் கூடைக்குப் பக்கத்தில் மட்டும் எடுப்பது என்று நினைக்கிறவர்களுக்கு அந்த வீடியோவைத்தான் காட்டுவேன். நீங்களும் வாங்கும்போது வீசுவதற்கும் சேர்த்தே யோசியுங்கள், இரண்டாக வாங்கினால் ஒன்று பட்டுக்கு, ஒன்று வீச.

சாண்ட்லர்க்காரன்

ரெண்டு பேருக்கும் நன்றி. கழுவிப் பார்த்தேன். தண்ணீர் பழுப்பாக ஓடியது, நிஜமாகவே. முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் ஒரு பத்து கூடை ஆடியதும் பழையபடி நழுவல்.

ஆமாம், ஸ்பின் பட்தான். புஷ் பட் முயற்சி செய்தால் டிஸ்க் கூடைக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஒரு சந்தேகம். விரலை நக்கிக்கொண்டு ஆடுகிறவர்களைப் பார்க்கிறேன். விதிப்படி சரியா? பிசின், வேக்ஸ் மாதிரி எதையாவது விளிம்பில் தடவலாமா? அப்புறம் இந்த பீட் என்கிறார்களே, விளிம்பின் அடியில் வரப்பு மாதிரி ஓடுவது, அது இருந்தால் பிடிப்பு கூடுமா?

ஒஸ்லோ அண்ணா

நான் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது ஒஸ்லோவில். எங்கட இடம் பனி, உங்கட இடம் பாலைவனம், ஆனாலும் வருத்தம் ஒன்றுதான். குளிர்காலத்தில் இங்கே காற்றில் ஈரம் இராது, வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடித் தோல் இன்னும் காய்ந்துபோகும். ஜனவரியில் ஏக்கபர்க் மைதானத்தில் கையுறையைக் கழற்றி பட்டரைப் பிடித்தால் கண்ணாடித் தட்டைப் பிடித்த மாதிரி.

ஒரு வித்தியாசம் மட்டும் கவனியுங்கோ. குளிரில் பிளாஸ்டிக் இறுகிவிடும், அதனால் நாங்கள் ஒரு படி மென்மையானதை எடுப்போம். ஸ்வீடன் கஸ்டாபிளாஸ்டின் பெர்க் இங்கே பாதிப் பேரின் பையில் இருக்கும், அதில் கே1 சாஃப்ட் எடுத்தால் குளிரிலும் விரலுக்கு இணங்கும். உங்களுக்கு வெயில் என்றபடியால் அதே பெர்க்கில் கே3 பாருங்கோ, அது அவர்களுடைய அடிப்படை பிளாஸ்டிக், மங்கலாக இருக்கும். பெர்க்கின் மேல்பக்கம் பெருவிரல் பதிகிற மாதிரி ஒரு பள்ளம் உண்டு. சின்னக் கைக்கு அது நல்ல உதவி, பெருவிரல் எங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொருமுறையும் தேடத் தேவையில்லை. ஆனால் பெர்க் காற்றில் மிதந்து போகாது, கூடைக்குக் கிட்டப் போனதும் பொத்தென்று விழும். அது பிடிக்காதவர்களும் இருக்கினம்.

கையைப் பற்றி யாரும் வடிவாகக் கதைக்கவில்லை. டிஸ்க்கைக் கழுவுகிறீர்கள், மாற்றுகிறீர்கள், தோலை அப்படியே விட்டுவிடுகிறீர்கள். இரவில் படுக்கப்போகும் முன் ஏதாவது கெட்டியான கிரீமை விரல் நுனிகளில் தேய்த்துவிட்டுப் படுங்கோ. விளையாடப் போகும் முன் பூசினால் எண்ணெய்ப் பசை டிஸ்க்கில் ஒட்டி இன்னும் வழுக்கும், இரவில் என்றால் தோல் குடித்துவிடும். சில நாளிலேயே விரலின் வெடிப்பெல்லாம் மூடி, நுனி இளகி வரும். என் அனுபவத்தில் புது டிஸ்க் வாங்கினதை விட இதுதான் கூடப் பலன் தந்தது.

செவ்வந்தி ஆஸ்டின்

விதி பற்றிக் கேட்டதால் உள்ளே வருகிறேன், உள்ளூர்ப் போட்டிகளில் ஸ்கோர் எழுதுகிற வேலையெல்லாம் பார்ப்பதால் இதில் அடிக்கடி சண்டை வரும்.

விரலை நக்குவதில் விதிப்பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் புல்வெளியில் என்னென்ன தெளித்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு நாக்கை நீட்ட மனசு வராது. ஒரு சின்ன ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, மூடியுள்ள டப்பியில் போட்டுப் பையில் வையுங்கள். பட் போடும் முன் ஆள்காட்டி விரலையும் பெருவிரலையும் அதில் ஒருமுறை ஒற்றி, பேன்ட்டில் லேசாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். அந்த லேசாகத் துடைப்பது முக்கியம், சொட்டச் சொட்ட இருந்தால் முதலில் சொன்ன அதே வழுக்கல். நோட்டு எண்ணுகிறவர்கள் மேசையில் வைத்திருப்பார்களே, அதே ஸ்பாஞ்ச்தான்.

டிஸ்க்கில் எதையும் தடவாதீர்கள். டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி, தயாரித்தபிறகு டிஸ்க்கை மாற்றி அதன் பறக்கும் தன்மை மாறினால் அது செல்லாது, தொட்டால் தடிமன் தெரிகிற பெயின்ட் மாதிரிப் பூச்சும் செல்லாது. விளையாடித் தேய்ந்தது பரவாயில்லை, வார்ப்பில் வந்த பிசிறையும் சிராய்ப்பையும் அளவாக உப்புத்தாள் போட்டு வழித்துவிடுவதும் அனுமதிதான். உங்கள் பழைய பட்டரின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மெல்லிசாக ஒரு கோடு தட்டுப்படும், இரண்டு அச்சும் சேர்ந்த இடம். அது கூராக இருந்தால் விரல் தானாகவே சற்று விலகிப் பிடிக்கும், பிடிப்பு அங்கேயே போய்விடும். நுண்ணிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு போதும். பரப்பு முழுவதையும் சொரசொரப்பாக்குகிறேன் என்று மேலேயும் கீழேயும் தேய்க்கக் கிளம்பினால்தான் வில்லங்கம்.

கைக்குத் தோல் உரியாமல் இருக்க டேப், பேண்டேஜ், கையுறை போடலாம். பட் போட எனக்கு அது பிடிக்காது, விரலுக்கு உணர்வே போய்விடும்.

பீட் விஷயம் முழுக்க முழுக்க கைப்பழக்கம். பீட் உள்ளது என்றால் ஜட்ஜ், லூனா. இல்லாதது என்வி. வரப்பு இருந்தால் விரல் கொக்கி போட ஓரிடம் கிடைக்கும், நழுவுகிற கைக்கு ஆறுதல். ஆனால் அது விளிம்பின் ஆழத்தைக் கூட்டும், சின்னக் கைக்குக் கொஞ்சம் நிறைவாகத் தெரியும். என் கையும் சின்னதுதான், நான் பீட் இல்லாததற்கு மாறினேன்.

ஆக்ஸியம், எம்விபி டிஸ்க் வாங்கினால் ஒன்று கவனியுங்கள். அவற்றில் நடுப்பகுதி ஒரு பிளாஸ்டிக், வெளிவளையம் வேறு பிளாஸ்டிக். எலக்ட்ரான் நன்றாகப் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்வது நடுப்பகுதியை வைத்து. உங்கள் ஆள்காட்டி விரல் போய் உட்காருவது வளையத்தின்மேல். கடையில் நடுவை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள், பட் போடுவது போலவே பிடித்து வளையத்தைத் தடவிப் பாருங்கள்.

சங்கிலிச்சத்தம்

ஸ்பாஞ்ச் யோசனை அருமை, திருடிக்கொள்கிறேன்.

ஸ்பின் பட் என்று தெரிந்துவிட்டதால் நேராகவே சொல்கிறேன். ஆக்டன் நண்பர் சொன்ன கடினமான ரகம் உங்களுக்கு வேண்டாம். ஜட்ஜ் கிளாசிக் பிளெண்ட், என்வி எலக்ட்ரான் மீடியம், இந்த இரண்டையும் கடையில் கையில் வாங்கிப் பாருங்கள். இணையத்தில் வாங்காதீர்கள், இந்த ஒரு பொருளுக்கு மட்டும். அதே மாடல், அதே பிளாஸ்டிக், ஆனால் வேறு வேறு சமயத்தில் வார்த்தது என்றால் ஒன்று மெழுகு போலவும் இன்னொன்று ரப்பர் போலவும் இருக்கும். நிறத்துக்கு நிறம்கூட மாறும். பத்து டிஸ்க் அடுக்கியிருந்தால் பத்தையும் தடவுங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், அவரும் அப்படித்தான் வாங்குவார். பிடித்த ஒன்று அகப்பட்டால் அதே தொகுப்பில் இன்னும் ஒன்றிரண்டு சேர்த்து எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அடிப்படை பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும், நம் ஊர்க் கற்களில் விழுந்தால் இன்னும் சீக்கிரம்.

கடையில் பழைய டிஸ்க் போட்டு வைத்திருக்கும் பெட்டியையும் கிளறுங்கள். யாரோ ஆடித் தேய்த்த அடிப்படை பிளாஸ்டிக் பட்டர் புதிதைவிட நன்றாகப் பிடிக்கும், பளபளப்பெல்லாம் போய்ச் சின்னச் சின்னக் கீறல் விழுந்திருக்கும். பிரீமியம் பிளாஸ்டிக்கில் இந்த மாற்றம் வர ஆண்டுக்கணக்கில் ஆகும்.

சாண்ட்லர்க்காரன்

எடை? 175 கிராம் எடுப்பதா, குறைவாக எடுப்பதா? சின்னக் கைக்கு லேசானது நல்லது என்று ஒருவர் சொன்னார்.

கூடைக்கு வெளியே

விட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம், அதற்குமேல் விதி இடம் கொடுக்காது, பட்டர் 21 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அதனால்தான் எல்லா பட்டரும் 175 பக்கம் வந்து நிற்கிறது. எடைக்கும் கையின் அளவுக்கும் சம்பந்தம் இல்லை, அச்சு ஒன்றுதானே, விளிம்பின் ஆழம் மாறப்போவதில்லை. காற்றடித்தால் கனமானது அசையாமல் போகும். அவ்வளவு தூரம் கை எட்டவில்லை என்றால் 170-க்கு இறங்குங்கள். ஸ்பின் பட் போடுகிறவருக்கு அந்த ஐந்து கிராம் தெரியக்கூடத் தெரியாது.

நீங்கள் சொன்ன வலப்பக்க ஓட்டம் புது பிளாஸ்டிக்கில் ஆரம்பத்தில் கூடத்தான் செய்யும், பிடித்துப் பழகிய இறுக்கம் கையில் இருக்கும் அல்லவா. ஏழெட்டு மீட்டரில் நின்று, பாதி இறுக்கத்தில் மட்டும் பிடித்துப் போட்டுப் பழகுங்கள். பிடிப்புள்ள டிஸ்க்கை அப்படி இறுக்க அவசியமே இல்லை.

ஒஸ்லோ அண்ணா

மழைக்காலம் என்று ஒன்று உங்கள் பக்கம் உண்டல்லவா, அப்போது இதே டிஸ்க் சரிவருமா? யோசித்து வாங்குங்கோ.

சங்கிலிச்சத்தம்

உண்டு அண்ணா, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் என்று கணக்கு. பெய்வது கொஞ்சம்தான், ஆனால் புயல் வரும் நாள்களில் புழுக்கம் ஏறிவிடும், அன்றைக்கு ஸ்பாஞ்சை வீட்டில் வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். மங்கலான அடிப்படை பிளாஸ்டிக் லேசான வியர்வையையும் தாங்கும், அதற்காக வேறு டிஸ்க் வேண்டாம். புழுதிப் புயல் அடித்த மறுநாள் மட்டும் ஆடும் முன் கழுவிவிடுங்கள், அந்தப் புழுதி மாவைவிட நைசு.

சாண்ட்லர்க்காரன், சனிக்கிழமை ஃபவுன்டன் ஹில்ஸில் ஏழு மணிக்கு நாங்கள் ஐந்தாறு பேர் ஆடுகிறோம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் வைத்திருக்கிறோம், எங்கள் பட்டர்களையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். தண்ணீர் மட்டும் நிறையக் கொண்டு வாருங்கள், பத்து மணிக்கு மேல் அங்கே நிற்கமுடியாது.